மடக்கு கைப்பேசி: மடிப்புக் கணக்கைவிடத் தூசியும் பழுதுச் செலவுமே முக்கியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மடக்கு கைப்பேசிகளை விற்கும் நிறுவனங்கள் தங்கள் விளம்பரங்களில் தவறாமல் முன்வைப்பது ஓர் எண்ணை. முதலில் 200,000 முறை மடக்கலாம் என்றார்கள். இப்போது 500,000 முறை என்கிறார்கள். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுப் பொருள்களின் தரச் சோதனைப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைத் தங்கள் நாளிதழின் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஒரு மடக்கு கைப்பேசி நம் ஊரில் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை முடிவு செய்வதில் மடிப்பு எண்ணிக்கையைவிடத் தூசிக்கும் வெப்பத்துக்கும் பழுதுபார்க்கும் செலவுக்குமே பங்கு அதிகம். ஆகவே, இவ்வகைக் கைப்பேசியை விற்கும் ஒவ்வொரு கடையும் விலைச்சீட்டின் பக்கத்திலேயே அதன் தூசித் தடுப்புத் தரத்தையும், உத்தரவாதத்தில் அடங்காத சேதத்துக்கு உட்திரையை மாற்ற ஆகும் கட்டணத்தையும் எழுதி வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

தூசியால் அடிபட்டுத்தான் இந்தக் கைப்பேசிகள் சந்தைக்கே வந்தன. சாம்சங் நிறுவனம் தன் முதல் கேலக்ஸி ஃபோல்டை 2019 பிப்ரவரியில் அறிமுகப்படுத்தி, ஏப்ரல் 26-ஆம் தேதி அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவர நாள் குறித்திருந்தது. அதற்கு முன்பே, விமர்சனத்துக்காகப் பத்திரிகையாளர்களிடம் கொடுக்கப்பட்டவற்றில் சில ஓரிரு நாள்களிலேயே பழுதாயின. திரையின்மேல் ஒட்டியிருந்த படலத்தைச் சாதாரணப் பாதுகாப்புத் தாள் என்று எண்ணிச் சிலர் உரித்தெடுத்தார்கள். அதுவோ திரையின் ஓர் அங்கம். வேறு சிலவற்றில் கீலின் ஓரத்து இடைவெளி வழியாகத் துகள் உள்ளே புகுந்து, திரையை அடிப்புறத்திலிருந்து முட்டியது. விற்பனை தள்ளிவைக்கப்பட்டது. படலத்தின் விளிம்பைச் சட்டத்துக்கு அடியில் செருகி, கீலின் முனைகளில் மூடிகள் பொருத்தி, செப்டம்பரில்தான் அந்தக் கைப்பேசி மக்கள் கைக்கு வந்தது.

அதன் பிறகு ஏற்பட்ட முன்னேற்றம் உண்மையானது. அதை மறுப்பது நியாயமாகாது. 2020-இல் வந்த சாம்சங்கின் இசட் ஃப்ளிப்பில் பிளாஸ்டிக் திரைக்குப் பதிலாக மிக மெல்லிய கண்ணாடி இடம்பெற்றது; கீலுக்குள் புகும் தூசியைத் துடைத்துத் தள்ள நுண்ணிழைகள் வைக்கப்பட்டன. 2021-இல் இசட் ஃபோல்ட்3, இசட் ஃப்ளிப்3 ஆகியவை நீரில் மூழ்கினாலும் தாங்கும் தரம் பெற்றன. 2025-இல் வந்த இசட் ஃபோல்ட்7-இன் எடை 215 கிராம். அதே நிறுவனத்தின் மடங்காத எஸ்25 அல்ட்ராவின் எடை 218 கிராம். மடக்கு கைப்பேசி என்றால் சட்டைப்பையைக் கீழே இழுக்கும் கனமான பொருள் என்ற நிலை மாறிவிட்டது. ஹானர், ஓப்போ, ஹுவாவெய் முதலிய சீன நிறுவனங்களின் போட்டி இல்லாவிட்டால் இந்த மெலிவு இத்தனை விரைவில் வந்திருக்காது என்பது என் கருத்து.

இனி, மடிப்பு எண்ணிக்கைக்கு வருகிறேன். சாம்சங் டிஸ்ப்ளே நிறுவனம் 2025 ஜூலையில், தன் புதிய மடக்குத் திரை 500,000 மடிப்புகளைத் தாங்கியதாகவும், அதைப் பியூரோ வெரிட்டாஸ் என்னும் சோதனை நிறுவனம் சரிபார்த்ததாகவும் அறிவித்தது. நாளொன்றுக்கு 100 முறை மடக்குபவருக்கு இது 5,000 நாள், அதாவது பதின்மூன்று ஆண்டுக்கு மேல். கேட்பதற்குப் பெரிய ஆறுதல்தான். ஆனால் அந்தச் சோதனை நடந்தது 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 13 நாள்களில். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ இரண்டேகால் விநாடிக்கு ஒரு மடிப்பு. சோதனைச் சாலையில் வேலை செய்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். இயந்திரம் இரு பக்கத்தையும் சம விசையுடன், ஒரே கோணத்தில், ஒரே வேகத்தில் மூடித் திறக்கிறது. சுற்றிலும் சுத்தமான காற்று. வியர்வை இல்லை, மணல் இல்லை, கீழே விழுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சோதனையில் மடிப்புகள் இருக்கின்றன, ஆண்டுகள் இல்லை. பசை இறுகுவதற்கும் படலம் தளர்வதற்கும் காலம் வேண்டும். பதின்மூன்று நாளில் அது வெளிப்படாது. சோதனை செய்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் கூறவில்லை. திரும்பத் திரும்ப மடக்குவதால் திரைக்கு உண்டாகும் சோர்வை அளக்க அது நல்ல சோதனை. அதை ஆயுட்கால உறுதிமொழியாக மாற்றி விளம்பரத்தில் போடுவதுதான் தவறு.

திரையின் கட்டமைப்பை ஓரளவு தெரிந்துகொண்டால் இது இன்னும் தெளிவாகும். பல மடக்குத் திரைகளில் உள்ள கண்ணாடி சுமார் 30 மைக்ரோமீட்டர் தடிமன், அதாவது ஒரு மில்லிமீட்டரின் நூறு பங்கில் மூன்று பங்கு. வளையும் கண்ணாடியின் மேற்பரப்பில் உண்டாகும் இழுவிசை அதன் தடிமனைப் பொறுத்துக் கூடும் என்பதால், இத்தனை மெலிதாக்கினால்தான் அது உடையாமல் மடியும். அதே மெலிவினால்தான் ஒரே புள்ளியில் விழும் அழுத்தத்தை அதனால் தாங்க முடிவதில்லை. எனவே அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டப்படுகிறது; நம் விரல் தொடுவது கண்ணாடியை அல்ல, இந்தப் படலத்தையே. நகம் பட்டாலும் தடம் பதிவது இதனால்தான். கண்ணாடிக்கு அடியில், பிளாஸ்டிக் அடித்தளத்தின்மேல் ஒளிவிடும் ஓஎல்ஈடி அடுக்கு. இந்த அடுக்குகளைப் பிணைத்து வைத்திருப்பது ஒளி ஊடுருவும் பசை. மடக்கும் ஒவ்வொரு முறையும் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை அளவு நகர்கின்றன. அந்த நகர்வை வாங்கிக்கொள்வது பசை. நாளாக ஆக அது பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. நடுவில் விரலுக்குத் தட்டுப்படும் மடிப்புக் கோடு ஆழமாவது இப்படித்தான். திரை கூர்மையாக மடியாமல், உள்ளே நீர்த்துளி வடிவில் வளைந்து கொள்ள இடம் தரும் கீல்கள் வந்த பிறகு கோடு வெகுவாக மங்கியிருக்கிறது. ஆனால் முற்றிலும் மறைந்துவிட்டது என்று விற்பனையாளர் சொன்னால், கைப்பேசியை வாங்கித் திரையை அணைத்துவிட்டு, விளக்கொளியில் சற்றுச் சாய்த்துப் பாருங்கள்.

மேலே ஒட்டப்பட்ட அந்தப் படலம்தான் நம் தட்பவெப்பத்தில் முதலில் சோர்கிறது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு புழக்கத்துக்குப் பிறகு மடிப்புக் கோட்டை ஒட்டிச் சிறு காற்றுக் குமிழ்கள் தோன்றுவதைப் பலர் கண்டிருப்பார்கள். பிறகு அந்தக் குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீண்ட கோடாகி, ஓரம் பெயர்ந்து வருகிறது. பெயர்ந்த ஓரத்தில் கைவியர்வையும் அழுக்கும் சேர்கின்றன. அதைத் தாமாக உரிக்கக் கூடாது, சேவை மையத்தில் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும் என்று நிறுவனங்களே எச்சரிக்கின்றன. வாங்கும் நாளில் இந்தச் செய்தியைக் கடையில் யாரும் சொல்வதில்லை. நண்பகல் வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் கைப்பேசியை வைத்துவிட்டுப் போவது நம்மில் பலருக்கும் உள்ள பழக்கம். சோதனைச் சாலையின் 25 டிகிரிக்கும் அந்தக் காருக்குள் இருக்கும் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

தூசியைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுவதற்கு மன்னிக்கவும். விஷயத்தின் மையமே அதுதான். கைப்பேசிப் பெட்டியில் ஐபி என்ற எழுத்துகளுக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதல் இலக்கம் திடப்பொருளுக்கு, இரண்டாவது நீருக்கு. சாதாரண உயர்தரக் கைப்பேசிகளில் ஐபி68 என்று இருக்கும். முதலில் உள்ள 6 என்பது தூசி அறவே புகாது என்பதைக் குறிக்கிறது. இசட் ஃபோல்ட்7-க்கு உள்ள தரமோ ஐபி48. இதில் 4 என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பொருள் மட்டும் உள்ளே புகாது என்று அர்த்தம். அதற்கு முந்தைய பல கைப்பேசிகளில் ஐபிஎக்ஸ்8 என்று இருந்தது. எக்ஸ் என்பது தூசிக்கு எந்தத் தரமும் குறிக்கப்படவில்லை என்பதன் அடையாளம். 2025-இல் கூகுள் வெளியிட்ட பிக்சல் 10 புரோ ஃபோல்ட்தான் ஐபி68 தரத்துடன் வந்த முதல் மடக்கு கைப்பேசி. ஆக, தூசி புகாத கீலைச் செய்வது முடியாத காரியம் அல்ல. அது செய்து காட்டப்பட்டுவிட்டது.

இப்போது பினாங்கில் ஒரு சாதாரணக் குடும்பத்தின் ஒரு வாரத்தை எண்ணிப் பாருங்கள். பத்து ஃபிரிங்கி என்னும் ஊரின் கடற்கரை மணலில் பெரும்பகுதி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துகள்தான். வீட்டில் தோசை மாவும் கோதுமை மாவும் புழங்குகின்றன. கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவரின் சட்டையில் சிமெண்ட் தூசி இருக்கிறது. கோயிலுக்குப் போனால் அர்ச்சனைத் தட்டில் கிடைத்த திருநீற்றையும் குங்குமத்தையும் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறோம். அதே பையில்தான் கைப்பேசியும் இருக்கிறது. திருநீறு மாவைப் போன்ற மென்தூள்; கீலின் ஓரத்தில் அது அடைவதை உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமலே பார்க்கலாம். வெறும் தூள் மட்டுமென்றால் கீல் கரகரப்பதோடு போகலாம். அதோடு கடினமான ஒரு மணல் துகள் சேர்ந்து, இரு பாதிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட நிலையில் கைப்பேசியை மூடினால், அழுத்தம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் இறங்குகிறது.

பட்டர்வொர்த்தில் சரக்கு லாரிகளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் என் மைத்துனரின் கைப்பேசியில் நடந்தது இதுதான். காலையில் திரையின் கீழ்ப்பகுதியில், மடிப்புக் கோட்டை ஒட்டி, குண்டூசித் தலையளவில் ஒரு கருப்புப் புள்ளி. மதியத்துக்குள் அது மை கசிவதுபோல் பரவிக் கட்டைவிரல் அளவாயிற்று. மாலையில் அதிலிருந்து மேல்நோக்கிப் பச்சை நிறத்தில் ஒரு கோடு எழுந்து திரையை இரண்டாகப் பிரித்தது. மறுநாள் பாதித் திரை தொடுவதற்கு இசையவில்லை. நான் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, புள்ளி தோன்றிய இடத்தில் படலத்தில் மிகச் சிறிய குழி ஒன்று தெரிந்தது; எதிர்ப்பாதியில், நேர் எதிரே, அதற்கிணையான மெல்லிய தடம். உத்தரவாதக் காலம் முடியவில்லை. ஆனால் சேவை மையத்தில் இருந்தவர்கள் குழியைச் சுட்டிக்காட்டி, இது வெளியிலிருந்து ஏற்பட்ட சேதம், உத்தரவாதத்தில் வராது என்றார்கள். கீலோடும் சட்டத்தோடும் சேர்த்துத்தான் உட்திரையை மாற்ற முடியும் என்று அவர்கள் சொன்ன தொகைக்கு நல்லதொரு நடுத்தரக் கைப்பேசியைப் புதிதாகவே வாங்கலாம். சேவை மையத்தின் வாதத்தில் சட்டப்படி பிழை இல்லாமலிருக்கலாம். ஆனால் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த துகள் உள்ளே புகும் என்று தெரிந்தே தரம் குறிக்கப்பட்ட பொருளில், அப்படிப்பட்ட துகளால் வந்த சேதத்தை வாங்கியவரின் கவனக்குறைவாகக் கொள்வது எப்படி நியாயமாகும்?

நீரைப் பொறுத்தவரை நிலைமை தேவலை. மழையில் நனைந்தாலோ, மேசையில் தண்ணீர் கொட்டினாலோ இன்றைய உயர்தர மடக்கு கைப்பேசிகள் பெரும்பாலும் தாங்கும். நீர்த் தடுப்புச் சோதனை நன்னீரில் செய்யப்படுவது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். கடல்நீருக்கும் நீச்சல் குளத்துக்கும் அது பொருந்தாது.

இத்தனையும் சொன்னதால் மடக்கு கைப்பேசியே வேண்டாம் என்று நான் கூறுவதாக யாரும் கொள்ளக் கூடாது. அதன் பயனை நேரில் பார்த்தவன் நான். மேற்சொன்ன மைத்துனர் திரையின் ஒரு பாதியில் வரைபடத்தையும் மறு பாதியில் ஓட்டுநர்களின் வாட்ஸ்ஆப் குழுவையும் ஒருசேர வைத்துக்கொண்டு, லாரி முற்றத்தில் நின்றபடியே வேலையை முடிப்பார். சரக்குப் பட்டியல் நீளமான அட்டவணையாக வரும்போது சாதாரணக் கைப்பேசியில் இருப்பதுபோல் இடமும் வலமும் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியதில்லை. பழுதான பிறகு அவர் ஒரு சாதாரணக் கைப்பேசிக்கு மாறியபோது முதலில் குறைப்பட்டதும் இதைத்தான். தமிழ் நாளிதழ்களின் மின்பதிப்பைப் படிப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய வசதி. அச்சுப் பக்கத்தை அப்படியே காட்டும் அந்தக் கோப்புகளைச் சிறிய திரையில் படிக்க முடியாமல் பெரியவர்கள் விட்டுவிடுகிறார்கள். எட்டு அங்குலத் திரையில் ஒரு பத்தியின் முழு அகலமும் தெளிவாகத் தெரிகிறது. கண்பார்வை மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டாலும் வரி நாலைந்து சொல்லோடு முறிந்துவிடுவதில்லை. வங்கிப் படிவம், காப்புறுதி ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளி அறிக்கை என்று படித்துக் கையொப்பமிட வேண்டிய எதுவும் இதில் எளிது.

குறுக்காக மடியும் சிறிய வகையின் பயன் வேறு மாதிரி. அதைப் பாதி திறந்து மேசைமேல் வைத்தால் தானாகவே நிற்கும். வெளியூரில் படிக்கும் பிள்ளையோடு காணொளியில் பேசும் தாய், கை வலிக்கக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, சமைத்துக்கொண்டே பேசலாம். குடும்பப் படம் எடுக்கும்போதும் ஒருவர் விடுபட்டுப் போவதில்லை. ஆனால் சில பயன்கள் மிகைப்படுத்தப்படுகின்றன. பெரிய திரையில் படம் பார்க்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. புத்தகம்போல் திறக்கும் வகையில் உட்திரை கிட்டத்தட்டச் சதுரம், திரைப்படமோ அகலமானது. மேலும் கீழும் கரும்பட்டைகள் போக மிஞ்சுவது, ஒரு பெரிய சாதாரணக் கைப்பேசியில் தெரிவதைவிட அதிகம் பெரிதல்ல, அவ்வளவுதான். மின்கலத்திலும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது: முன்பு சொன்ன எஸ்25 அல்ட்ராவில் 5,000 மில்லிஆம்பியர்-மணி, இசட் ஃபோல்ட்7-இல் 4,400. திரை பெரிது, மின்கலம் சிறிது. நாள் முழுவதும் வெளியில் திரிபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இரு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்க உள்ளே காந்தங்கள் இருப்பதால், இதயத்துடிப்புக் கருவி பொருத்திக்கொண்டவர்கள் சட்டையின் மார்புப் பையில் இதை வைக்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். பெட்டியில் வரும் எச்சரிக்கைத் தாளில் இருக்கிறது, ஆனால் அந்தத் தாளைப் படிப்பவர் எத்தனை பேர்?

விலை விஷயத்தில் நம் நாட்டுக்கே ஒரு தொடர்பு உண்டு. ஹுவாவெய் நிறுவனத்தின் மூன்றாக மடியும் மேட் எக்ஸ்டி கைப்பேசி உலகச் சந்தைக்கு அறிமுகம் செய்யப்பட்டது 2025 பிப்ரவரி 18-ஆம் தேதி, நம் கோலாலம்பூரில்தான். அப்போது இங்கே அதன் விலை 14,999 வெள்ளி (ரிங்கிட்). அதே பிப்ரவரியில்தான் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. ஒரு தொழிலாளியின் ஏறத்தாழ ஒன்பது மாதச் சம்பளம் அது. அதை வாங்குபவர்கள் வசதி படைத்தவர்கள், அவர்கள் பாடு என்று சொல்லிவிடலாம். ஆனால் குறுக்காக மடியும் வகைகளும், ஓரிரண்டு ஆண்டு பழைய புத்தக வகைகளும் இப்போது தவணைத் திட்டத்திலும், கொம்தாரையும் பிரங்கின் மாலையும் சுற்றியுள்ள கடைகளில் கைமாறிய பொருளாகவும், சாதாரணச் சம்பளக்காரர்களின் கைக்கு வந்துகொண்டிருக்கின்றன. மாதத் தவணை இருபத்து நான்கு மாதம் ஓடும். திரை பதினைந்தாவது மாதத்தில் போனால், இல்லாத கைப்பேசிக்கு மீதி ஒன்பது மாதம் பணம் கட்ட வேண்டும். பாதிக்கப்படுவது இவர்கள்தான் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நம் சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தரத்தின் கூறுகளில் ஒன்றாக நீடித்து உழைப்பதும் வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. 37-ஆம் பிரிவு, பொருளைப் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கச் செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மேலும் விற்பவர்மேலும் சுமத்துகிறது. ஆனால் நியாயமான காலம் எவ்வளவு, நியாயமான கட்டணம் எவ்வளவு என்பதற்கு அளவுகோல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், கைப்பேசிகளின் உதிரிப் பாகங்கள் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகள் கிடைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. அது மட்டுமல்ல, அங்கே விற்கும் ஒவ்வொரு கைப்பேசியோடும் ஒரு தகவல் வில்லை (லேபிள்) இருக்க வேண்டும். கீழே விழுந்தால் தாங்கும் திறன், பழுதுபார்க்க எளிதா கடினமா, தூசிக்கும் நீருக்கும் எந்தத் தரம் என்பவை அதில் தெரியும். அதே நிறுவனங்கள், அதே கைப்பேசிகள். அங்குள்ள வாடிக்கையாளருக்குச் சொல்வதை இங்குள்ள வாடிக்கையாளருக்கும் சொல்வதில் அவர்களுக்கு என்ன நட்டம்?

சிரிம் என்னும் மலேசியத் தரச்சான்று முத்திரை இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். அந்த முத்திரை தொலைத்தொடர்புச் சாதனத்துக்கான தரநிலைகளுக்கு உட்பட்டது. முறையான வழியில் வந்த பொருள் என்று தெரிந்துகொள்ள அது அவசியம். கீல் எத்தனை காலம் உழைக்கும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

கடைகளில் விலைச்சீட்டு வைப்பது ஏற்கெனவே கட்டாயம். அந்தச் சீட்டில் இன்னும் இரண்டு வரி சேர்ப்பதற்குப் பெரிய செலவு இல்லை, புதிய அலுவலகமும் தேவையில்லை. முதல் வரி: தூசிக்கு எந்தத் தரம், அதாவது ஐபி எண்ணின் முதல் இலக்கம், அதன் பொருளோடு. இரண்டாம் வரி: உத்தரவாதத்தில் வராத சேதத்துக்கு உட்திரை மாற்றும் கட்டணம், வெள்ளிக் கணக்கில். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு இதைச் செய்ய முன்வர வேண்டும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம்போல் நெடுங்காலமாகக் குரல் கொடுத்துவரும் அமைப்புகள் இதைக் கையில் எடுத்தால் விரைவில் நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. நிறுவனங்களும் தாமாகவே முன்வந்து, முதல் இரண்டு ஆண்டுகளில் மடிப்புக் கோட்டை ஒட்டி ஏற்படும் சேதத்துக்கு ஒரு முறையாவது கட்டணமின்றித் திரை மாற்றித் தந்தால், 500,000 என்ற எண்ணைவிட அது வாடிக்கையாளரிடம் அதிக நம்பிக்கையைச் சம்பாதிக்கும்.

அதுவரை, வாங்க நினைப்பவர்கள் சிலவற்றைக் கவனிப்பது நல்லது. உட்திரை மாற்றும் கட்டணத்தைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்; கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் சேவை மையத்தை அழைத்துச் சொல்லச் சொல்லுங்கள். தற்செயலான சேதத்துக்கான காப்புறுதித் திட்டம் இருந்தால், சாதாரணக் கைப்பேசிக்கு எடுக்காதவர்களும் இதற்கு எடுக்கலாம். அதில் உட்திரை அடங்குகிறதா, ஒவ்வொரு முறையும் நாம் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு என்று எழுத்தில் பாருங்கள். கைமாறிய கைப்பேசியை வாங்குபவர்கள் திரையை வெண்மையாக வைத்து மடிப்புக் கோட்டின் இரு முனைகளையும் உற்றுப் பார்க்க வேண்டும்; பாதி மூடிய நிலையில் கீல் தானாக நிற்கிறதா, காதருகே வைத்து மெல்லத் திறக்கும்போது கரகரவென்ற ஒலி கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கோயிலுக்கோ கடற்கரைக்கோ போகும்போது தூள் எதுவும் இல்லாத தனிப்பையில் அதை வையுங்கள். மூடுவதற்கு முன் திரையை ஒரு மென்துணியால் துடையுங்கள்.

பழுதாகி, சேவை மையம் மறுத்துவிட்டால், அவர்கள் மறுத்த காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திரையைக் கொடுப்பதற்கு முன்பே எல்லாப் பக்கமும் படமெடுத்து, ரசீதோடு சேர்த்து வையுங்கள். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே, ஐந்து வெள்ளி கட்டணத்தில், நாமே பதிவு செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் செய்ய வேண்டும். என் மைத்துனரும் தம் மனுவை அங்கே பதிவு செய்திருக்கிறார்.

இப்படிக்கு,
தரச் சோதனைப் பிரிவின் முன்னாள் பணியாளர்,
பாயான் லெப்பாஸ், பினாங்கு.